‘ஸ்கேவெஞ்ச்’ என்னும் வினைச்சொல்

ஆங்கிலத்தில் துப்புரவு பற்றிய வினைச்சொற்கள் பல. ‘கிளீன்’ என்பது பொதுச்சொல். ‘வாஷ்’ என்றால் நீரால் கழுவுதல். ‘ரின்ஸ்’ என்றால் அலசுதல். ‘ஸ்க்ரப்’ என்றால் அழுத்தித் தேய்த்தல். ‘ஸ்வீப்’ என்றால் பெருக்குதல். ‘வைப்’ என்றால் துடைத்தல். இவற்றைக் கையாள்வதில் நம் மாணவர்க்குப் பெரிய இடர்ப்பாடு இல்லை. ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ச்சொல் நம் வீட்டிலேயே நாள்தோறும் வழங்குகிறது.

‘ஸ்கேவெஞ்ச்’ என்னும் வினை அத்தகையதன்று. விலங்கியல் படிப்பவர் கழுகைப் பற்றிய பாடத்தில் இதைக் காண்கிறார். பொறியியல் படிப்பவர் எஞ்சினைப் பற்றிய பாடத்திலும், வேதியியல் படிப்பவர் மருந்துகளைப் பற்றிய பாடத்திலும் காண்கின்றனர். சட்டம் படிப்பவரோ பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் தலைப்பிலேயே இதைக் காண்கிறார். நால்வரும் படிப்பது ஒரு சொல்லை. ஆனால் ஒரு பொருளையன்று. ஆதலின் இச்சொல்லின் பிறப்பையும் இலக்கணத்தையும் பொருள்களையும் முறையே காண்போம். பிறகு, நம் நாட்டில் இச்சொல்லுக்கு ஏற்பட்ட தனிப்பொருளையும், அப்பொருளின் வரையறை மனித உயிர்களைக் கணக்கிடும் முறையையே மாற்றிவிடுவதையும் காண்போம்.

பிறப்பு

இச்சொல்லின் வேரில் அழுக்கும் இல்லை, துடைப்பமும் இல்லை. ‘பார்த்தல்’ என்பதே வேர்ப்பொருள். பழைய ஜெர்மானிய மொழிகளில் பார்த்தலைக் குறித்த ஒரு சொல், வட பிரெஞ்சு மொழியில் புகுந்து, ‘பார்வையிடுதல், சோதித்தல்’ என்னும் பொருள் பெற்றது. இன்றைய ஆங்கிலத்தில் ‘காட்டுதல்’ என்னும் பொருளில் வழங்கும் ‘ஷோ’ என்ற சொல்லும், ஜெர்மன் மொழியில் ‘பார்’ என்னும் பொருளில் வழங்கும் ‘ஷௌவன்’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இடைக்கால லண்டன் நகரில் வெளியூர் வணிகர் விற்பனைக்கு வைத்த சரக்கைப் பார்வையிட்டு ஒரு வரி வாங்கினர். அவ்வரிக்கு ‘ஸ்கேவேஜ்’ என்று பெயர். சரக்கைப் பார்த்து வரி தண்டிய அலுவலர் ‘ஸ்கேவேஜர்’ எனப்பட்டார். தெருவிலும் துறையிலும் நின்று பார்வையிடும் அலுவலரிடமே நாளடைவில் தெருக்களைத் தூய்மையாக வைத்திருக்கும் மேற்பார்வையும் ஒப்படைக்கப்பட்டது. வரி மறைந்தது, தெருவின் தூய்மைப் பொறுப்பு மட்டும் எஞ்சியது. பின்னர் மேற்பார்த்தவரைக் குறித்த பெயர், கையால் குப்பை வாரியவரைக் குறிக்கலாயிற்று. அலுவலரின் பட்டம் கூலியாளின் பெயரான கதை இதுதான்.

‘ஸ்கேவேஜர்’ என்பது ‘ஸ்கேவெஞ்சர்’ ஆனது எப்படி? நடுவில் ஒரு மெல்லின ஒலி தோன்றியது. ‘பேஸேஜ்’ என்பதிலிருந்து ‘பாஸெஞ்சர்’ வந்ததும், ‘மெஸேஜ்’ என்பதிலிருந்து ‘மெஸெஞ்சர்’ வந்ததும் இவ்வாறே. நம் இலக்கண முறையில் இதனைத் தோன்றல் விகாரத்தோடு ஒப்பிடலாம்.

இலக்கணம்

தமிழில் ‘உழு’ என்னும் வினையிலிருந்து ‘உழவு’ பிறந்தது. உழவைச் செய்பவர் ‘உழவர்’ ஆனார். வினை முந்தியது, ஆளின் பெயர் பிந்தியது. ‘ஸ்கேவெஞ்ச்’ என்பதில் இம்முறை தலைகீழாயிற்று. ‘ஸ்கேவெஞ்சர்’ என்னும் ஆட்பெயர் 16-ஆம் நூற்றாண்டில் வழக்கில் இருந்தது. அதன் ஈற்றில் உள்ள ‘அர்’ என்பது வினைசெய்வோரைக் குறிக்கும் விகுதி என்று மக்கள் கருதி, அதனைக் களைந்து, 17-ஆம் நூற்றாண்டில் ‘ஸ்கேவெஞ்ச்’ என்னும் வினையை ஆக்கிக்கொண்டனர். இவ்வகை ஆக்கத்தைப் பின்னாக்கம் எனலாம். ‘எடிட்டர்’ என்பதிலிருந்து ‘எடிட்’ வந்ததும் இவ்வகையே.

இச்செய்தி இலக்கண ஆர்வலருக்கு மட்டும் உரியதன்று. இச்சொல்லைப் பொறுத்தவரை, முதலில் ஒரு சாரார்க்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் பிறகு வினையாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னே வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

பயன்பாட்டு முறையில் இவ்வினை ஒழுங்கானது, இறந்தகாலம் ‘ஸ்கேவெஞ்ச்டு’. செயப்படுபொருளோடும் வரும், அஃது இன்றியும் வரும். ஒன்றைத் தேடி அலைவதாயின் அதன்பின் ‘ஃபார்’ என்னும் இடைச்சொல் வரும். ஓரிடத்திலிருந்து எடுப்பதாயின் ‘ஃப்ரம்’ வரும். ‘நாய்கள் உணவுக்காகக் குப்பையைத் துழாவின’ என்பதற்கு முன்னது. ‘பழைய வானொலியிலிருந்து உறுப்புகளைக் கழற்றி எடுத்துக்கொண்டான்’ என்பதற்குப் பின்னது.

பொருள்கள்

முதற்பொருள், தெருவைத் தூய்மை செய்தல். இஃது இன்றைய இங்கிலாந்தில் ஏறத்தாழ வழக்கொழிந்தது.

இரண்டாம் பொருள், பிறர் எறிந்தவற்றுள் பயனுள்ளவற்றைத் தேடி எடுத்தல். இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது இதுவே. தமிழில் ‘பொறுக்குதல்’, ‘துழாவி எடுத்தல்’ என்று இடத்திற்கேற்பச் சொல்லலாம்.

மூன்றாம் பொருள் விலங்கியலுக்கு உரியது: தான் கொல்லாத உயிரின் உடலைத் தின்னுதல். இதற்குச் சிறந்த சான்று பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு. பெங்களூருக்கு அண்மையில் இராமநகரத்தில் இராமதேவர பெட்டா என்னும் பாறைக் குன்று 2012-இல் கழுகுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. கால்நடைகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்குளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கிய இவ்வழிவில் வெண்முதுகுக் கழுகுகள் 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோயின. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. கழுகுகள் குறைந்த பிறகுதான், ஊர்ப்புறத்தில் செத்த மாடுகளை இதுகாறும் அகற்றி வந்தவர் யார் என்பதை நாடு உணர்ந்தது. தூய்மை செய்வோரை, அவர் இல்லாதபோதுதான் நினைக்கிறோம்.

நான்காம் பொருள் பொறியியலுக்கு உரியது. மைசூரில் 1961 முதல் 1996 வரை செய்யப்பட்ட ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களைப் பலர் அறிவர். அவை இரட்டை வீச்சு எஞ்சின் கொண்டவை. அவ்வகை எஞ்சினில் எரிந்த புகையை வெளியேற்றத் தனி வீச்சு இல்லை. பிஸ்டன் கீழே வரும்போது, உள்ளே நுழையும் புதிய எரிகலவையே பழைய புகையைத் தள்ளி வெளியேற்றுகிறது. இச்செயலுக்கும் ‘ஸ்கேவெஞ்சிங்’ என்றே பெயர். தள்ளும் கலவையில் ஒரு பகுதியும் புகையோடு வெளியே போய்விடும்; இவ்வகை வண்டிகள் எண்ணெய் மிகுதியாகக் குடித்ததற்கும் காற்றைக் கெடுத்ததற்கும் இதுவும் ஒரு காரணம். தமிழில் ‘புகை வெளித்தள்ளல்’ என்றால் போதும்.

ஐந்தாம் பொருள் வேதியியலுக்கு உரியது. இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்டு, அருகில் உள்ளவற்றோடு விரைந்து வினைபுரியும் துகள்கள் உடலில் தோன்றுகின்றன. வைட்டமின் ‘சி’ போன்ற பொருள்கள் தம் எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அடக்கிவிடுகின்றன. இதையும் அவ்வினையாலேயே குறிப்பர். ‘கவர்ந்து அகற்றுதல்’ என்று தமிழில் கூறலாம்.

இவ்வைந்து பொருளுக்கும் பொதுவாவது யாது? வேண்டாததென ஒதுக்கியதை ஒருவரோ ஒன்றோ அப்புறப்படுத்துவதே. கழுகும் எஞ்சினும் வைட்டமினும் இதைச் செய்யும்போது அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. மனிதர் செய்யும்போதுதான் இழிவு வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் நாட்டில் ஏற்பட்ட ஆறாம் பொருள் அதைக் காட்டுகிறது.

காக்ஸ் டவுன் சந்துகளும் இந்திய ஆங்கிலமும்

1898-இல் பெங்களூரைக் கொள்ளைநோயாகிய பிளேக் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடம் என்று கருதிய ஆட்சியாளர், காற்றும் வெளிச்சமும் புகுமாறு புதிய பகுதிகளை அமைத்தனர். நகரின் பக்கம் பசவனகுடியும் மல்லேசுவரமும், கண்டோன்மென்டின் பக்கம் ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் முதலியனவும் வளர்ந்தன. படையோடும் வணிகத்தோடும் கூலி வேலையோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் கண்டோன்மென்டில் பெருகியிருந்தன. காக்ஸ் டவுனில் தமிழ் இன்றும் தெருமொழியாக ஒலிப்பதற்கு அதுவே காரணம்.

அக்காலத்து நகர அமைப்பில் வீட்டின் முன்னே சாலையும் பின்னே ஒரு குறுகிய சந்தும் விடுவது வழக்கம். கழிப்பறை பின்பக்கத்தில் இருக்கும். அதனைத் தூய்மை செய்பவர் வீட்டின் முன்புறம் வராமல், பின்சந்து வழியே வந்து, மலத்தை எடுத்துக்கொண்டு அவ்வழியே போய்விட வேண்டும். இச்சந்துக்கு ‘கன்சர்வன்சி லேன்’ என்று பெயர். நிலத்தடிச் சாக்கடை வந்தபின் அச்சந்துகளுக்கு வேலை இல்லாது போயிற்று. பெங்களூரின் பழைய பகுதிகளில் பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

இப்பெயரைச் சற்றே ஆராய்தல் வேண்டும். ‘கன்சர்வ்’ என்றால் காத்தல், பேணுதல். ‘கன்சர்வன்சி’ என்பது இங்கிலாந்தில் ஆற்றைப் பேணும் வாரியத்தைக் குறித்தது. இந்திய ஆங்கிலத்தில் அதுவே மலமும் குப்பையும் அகற்றும் நகராட்சிப் பிரிவைக் குறிக்கலாயிற்று. மலத்துக்கும் ‘நைட் சாயில்’, அதாவது இரவு மண், என்று ஒரு மறைபெயர் இருந்தது. வீட்டில் சந்து மறைவானது. மொழியில் சொல் மறைவானது. இந்த மறைவுச் சொற்களுக்கு நடுவே, மறைக்கப்படாமல் நின்ற ஒரே பெயர் அவ்வேலையைச் செய்தவருடைய பெயர். அதுதான் ‘ஸ்கேவெஞ்சர்’. லண்டனில் தெருக் கூட்டியவரைக் குறித்த அச்சொல், இந்தியாவில் சாதியின் காரணமாக மலம் அள்ளும் தொழிலில் பிறப்பிலேயே தள்ளப்பட்டவரைக் குறித்தது. வேறு எந்த நாட்டு ஆங்கிலத்திலும் இப்பொருள் இவ்வளவு உறுதியாக வேரூன்றவில்லை.

சட்டத்தில் ஒரு சொல்

கர்நாடகத்தில் 1970-களில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பாவின் முயற்சியால், தலையில் மலம் சுமக்கும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. நாடு முழுமைக்கும் பாராளுமன்றம் 1993-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் தலைப்பிலேயே ‘மேனுவல் ஸ்கேவெஞ்சர்’ என்னும் தொடர் இடம்பெற்றது. மனித மலத்தைக் கையால் சுமப்பதற்கு அமர்த்தப்பட்டவர் என்பதே அதன் வரையறையின் சாரம். ஆனால் இவ்வழக்கம் ஒழியவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சன் முதலானோர் ‘சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்’ என்னும் இயக்கத்தின் வாயிலாகப் பல ஆண்டுகள் போராடினர். வில்சனுக்கு 2016-இல் மகசேசே விருது கிடைத்தது.

2013-இல் இரண்டாம் சட்டம் வந்தது. இதில் வரையறை விரிந்தது. சுகாதாரமற்ற கழிப்பிடத்திலோ, அதன் கழிவு விழும் திறந்த வடிகாலிலோ குழியிலோ, இருப்புப்பாதையிலோ, மனித மலத்தை அது முற்றும் மக்குவதற்கு முன் கையால் அகற்றுபவரும் சுமப்பவரும் கையாள்பவரும் இதில் அடங்குவர். ஆயினும் ஒரு விளக்கமும் உடன் சேர்க்கப்பட்டது: அரசு அறிவிக்கும் கருவிகளையும் பாதுகாப்பு உடைகளையும் கொண்டு இவ்வேலையைச் செய்பவர் ‘மேனுவல் ஸ்கேவெஞ்சர்’ ஆகமாட்டார். மேலும், தக்க பாதுகாப்பு இன்றிப் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழித் தொட்டியிலும் இறங்கித் தூய்மை செய்வது ‘அபாயகரமான துப்புரவு’ என வேறொரு பெயரில் வைக்கப்பட்டது. அதுவும் தண்டனைக்குரிய குற்றமே. ஆனால் பெயர் வேறு.

இப்பெயர் வேறுபாட்டின் விளைவு 2021-இல் வெளிப்பட்டது. கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தவராக எவரும் பதிவாகவில்லை என்று மைய அரசு பாராளுமன்றத்தில் விடையளித்தது. சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தோர் பலர் உளர்; ஆனால் அவை ‘அபாயகரமான துப்புரவு’ என்ற தலைப்பின்கீழ் வருவன என்பது அவ்விடையின் கருத்து. சொல்லின்படி பார்த்தால் விடையில் பிழை இல்லை. நச்சுக்காற்றில் மூச்சடைத்து இறந்தவரின் வீட்டாருக்கோ அவ்விரு தலைப்புக்கும் வேறுபாடு இல்லை.

உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டில் நின்றுவிடவில்லை. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2014 மார்ச்சு 27-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. எனினும் ‘மேனுவல் ஸ்கேவெஞ்சர்’ என்று அடையாளம் காணப்பட்டுப் பட்டியலில் ஏறுவது வேறு. இறந்தபின் இழப்பீடு பெறுவது வேறு. உயிரோடிருக்கையில் எந்தச் சொல்லின்கீழ் ஒருவர் எண்ணப்படுகிறார் என்பதைப் பொறுத்தே அவருக்கு மறுவாழ்வின் கதவு திறக்கிறது.

தமிழில் நடந்தது

‘இது ஆங்கிலத்தின் குறை, தமிழில் இல்லை’ என்று நாம் எண்ணிவிடலாகாது. தமிழிலும் இதே கதை உண்டு. ‘தோட்டி’ என்னும் சொல்லைப் பாருங்கள். ஒரு பொருளில் அது யானையை அடக்கும் அங்குசம். வேறொரு பொருளில் அது கிராம ஊழியரின் பெயர்; ஊர்க்காவலும் கணக்கர்க்கு உதவியும் செய்தியறிவித்தலும் அவருடைய பணிகள். நகராட்சிகள் வந்தபின் அதே சொல் மலம் அள்ளுபவரைக் குறிக்கலாயிற்று. லண்டன் அலுவலரின் பட்டத்துக்கு நேர்ந்த வீழ்ச்சியே இதற்கும் நேர்ந்தது. ஆலப்புழை நகரில் இத்தொழிலில் இருந்த தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் மலையாளத்தில் நாவலாக்கினார். சுந்தர ராமசாமி அதைத் ‘தோட்டியின் மகன்’ என்று தமிழாக்கினார். நம் மாணவர் படிக்க வேண்டிய நூல் அது.

வீட்டுத் துப்புரவுச் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். கூட்டுதல், பெருக்குதல் என்பன வீட்டைத் தூய்மை செய்வதையும் கணக்குப் போடுவதையும் ஒருங்கே குறிக்கும். விளக்குதல் என்பது பாத்திரத்துக்கும் பாடத்துக்கும் பொது. ‘துப்புரவு’ என்பதோ திருக்குறளில் நுகரும் பொருளைக் குறிக்கும் உயர்ந்த சொல். தன் வீட்டைத் தானே தூய்மை செய்யும்போது மொழி நல்ல சொல்லைத் தருகிறது. பிறர் கழிவைச் சுமக்கும்படி ஒருவரை ஒதுக்கிவைத்தபோது அதே மொழி அவருக்கு இழிசொல்லைத் தருகிறது. குறை சொல்லிலன்று, ஒதுக்கிவைத்ததில்தான் இருக்கிறது.

ஆகவேதான் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன. கர்நாடகத்தில் ‘பௌரகார்மிகர்’, அதாவது நகரத் தொழிலாளர், என்னும் பெயர் வழங்குகிறது. தமிழ்நாட்டில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்றிருந்தது 2020-இல் ‘தூய்மைப் பணியாளர்’ ஆயிற்று. அவ்வாண்டிலேயே சாக்கடை வாயிலைக் குறிக்கும் ‘மேன்ஹோல்’ என்னும் சொல்லை ‘மெஷின்ஹோல்’ என மாற்றப்போவதாக மைய அரசு கூறியது. இம்மாற்றங்கள் வேண்டியவையே. ஆனால் பெயர் மாறி, இறங்குபவர் மனிதராகவே இருந்தால், புதிய பெயரிலும் பழைய இழிவு வந்து குடியேறும். கருவி இறங்கி மனிதர் மேலே நின்றால், பழைய பெயரும் காலப்போக்கில் கறை நீங்கும்.

எழுதும்போது கவனிக்க

1. கழுகு, நரி, எஞ்சின், வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு இவ்வினையைத் தயங்காமல் பயன்படுத்துக.

2. பழைய தாளும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்று வாழ்வோரை இப்பெயரால் குறிக்க வேண்டா. ‘வேஸ்ட் பிக்கர்’ என்பதே இன்றைய ஆங்கில வழக்கு. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலும் அச்சொல்லே வரையறுக்கப்பட்டது.

3. நகராட்சிப் பணியாளரைக் குறிக்க ‘சானிடேஷன் ஒர்க்கர்’ என எழுதுக.

4. சட்டத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘மேனுவல் ஸ்கேவெஞ்சர்’ என்னும் தொடரை உள்ளவாறே எழுதுக. அதை அழகான வேறு சொல்லால் மாற்றினால், சட்டம் தடைசெய்தது எது என்பதே மறைந்துவிடும். உடன் அதன் வரையறையையும் குறிப்பிடுக.

பயிற்சி

1. ‘பாஸெஞ்சர்’, ‘மெஸெஞ்சர்’, ‘ஸ்கேவெஞ்சர்’ ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒலிமாற்றம் யாது?

2. பின்னாக்கத்தால் தோன்றிய ஆங்கில வினைகள் மூன்றை அகராதியில் தேடி எழுதுக. தமிழில் இத்தகைய ஆக்கம் உண்டா என ஆராய்க.

3. இவ்வினையின் ஐந்து பொருளுக்கும் ஒவ்வொரு தமிழ் வாக்கியம் அமைத்து, அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்க.

4. 1993, 2013 ஆகிய இரு சட்டங்களிலும் உள்ள வரையறைகளை நூலகத்தில் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுக. மலக்குழித் தொட்டியில் இறங்கிய ஒருவர் எந்தச் சொல்லின்கீழ் வருவார்?

5. நம் கல்லூரியையும் விடுதியையும் நாள்தோறும் தூய்மை செய்பவர்களை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? அவர்கள் தம்மை எப்படி அழைக்க விரும்புகிறார்கள்? அவர்களிடமே கேட்டு எழுதுக.